"புத்தர் சொன்னார்" என்கிறார்கள்: யார் பேச்சைக் கேட்பது?

கேள்வி: பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. பௌத்தம் பற்றித் தெரிந்துகொள்ள ஆசை. யூடியூபில் தமிழில் தேடினால் ஒருவர் சக்கரம் என்கிறார், ஒருவர் போதிதர்மர் என்கிறார், இன்னொருவர் அரசியல் பேசுகிறார். ஆங்கிலம் சுமாராகப் புரியும். யாரைக் கேட்கலாம்? விகாரைக்குப் போனால் மதம் மாறச் சொல்வார்களா? (வாசகர், பினாங்கு)

பதில்: ஆளைத் தேடுவதைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். பழைய பாலி மொழி நூல்களில் புத்தரின் உரை ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. அவற்றின் தொகுப்பை நிகாயம் என்பார்கள். தீக நிகாயத்தில் 34 நீண்ட உரைகள், மஜ்ஜிம நிகாயத்தில் 152 நடுத்தர உரைகள். சம்யுத்த, அங்குத்தர நிகாயங்களில் சிறிதும் பெரிதுமாக ஆயிரக்கணக்கில். இணையத்தில் இவற்றை டி.என்., எம்.என்., எஸ்.என்., ஏ.என். என்று ஆங்கில எழுத்துகளால் சுருக்கிக் குறிப்பார்கள். பேசுகிறவர் "எம்.என். 61" என்று எண்ணைச் சொல்லிவிட்டால், அவர் சொன்னது அங்கே இருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிடலாம். எண் சொல்லாதவர் எல்லாரும் பொய் சொல்கிறார்கள் என்பதில்லை. ஆனால் அவரைச் சரிபார்க்க உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. புதிதாக வருகிறவருக்கு அது பெரிய குறை.

சரிபார்க்க வேண்டிய இடம் சுத்தசென்ட்ரல் தளம். இலவசம், பதிவு செய்யவும் வேண்டாம். தேடும் பெட்டியில் எண்ணைத் தட்டினால் உரை வந்து நிற்கும். நான்கு நிகாயங்களையும் பிக்கு சுஜாதோ எளிய ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 2018இல் அங்கே வெளியிட்டார். வேண்டுமானால் பாலி மூலத்தையும் வரிக்கு வரி பக்கத்திலேயே வைத்துப் படிக்கலாம். ஒரு பத்தி பிடிபடாவிட்டால் தம்மடாக்ஸ் தளத்தில் தானிஸ்ஸரோ பிக்குவின் மொழிபெயர்ப்பைத் திறந்து ஒப்பிடுங்கள். கலைச்சொற்களை இருவரும் வெவ்வேறாகப் பெயர்ப்பார்கள். போதனையே வேறு என்று குழம்ப வேண்டாம். அங்குத்தர நிகாயத்தில் பதிப்புக்குப் பதிப்பு எண் ஒன்றிரண்டு முன்பின் ஆகும். தேடியது இல்லையென்றால் பக்கத்து எண்ணையும் பாருங்கள்.

ஒழுங்காக முதலிலிருந்து படிக்கிறேன் என்று டி.என். 1இல் கை வைப்பவர்கள் அங்கேயே நின்றுவிடுவதுண்டு. அந்தக் காலத்து 62 வகைக் கருத்துகளை அலசும் கனமான உரை அது. வேலைக்குப் போகும் குடும்பஸ்தருக்கு ஏ.என். 8.54 நல்ல வாசல். தீகஜாணு என்பவர் வந்து, "நாங்கள் பெண்டு பிள்ளையோடு இருப்பவர்கள், சந்தனம் பூசுகிறவர்கள், காசு பணம் புழங்குகிறவர்கள்; எங்களுக்கு ஏற்றதைச் சொல்லுங்கள்" என்று கேட்கிறார். தொழிலில் ஊக்கம், சம்பாதித்ததைக் காப்பது, நல்லோர் நட்பு, வரவுக்குத் தக்க செலவு என்று புத்தர் தொடங்குகிறார். அடுத்து டி.என். 31, சம்பளத்தை நான்காகப் பிரித்து ஒன்றை அனுபவிக்கவும், இரண்டைத் தொழிலில் போடவும், ஒன்றை ஆபத்துக்கு வைக்கவும் சொல்கிறது. உடல் வலியின்மேல் மனவலியையும் ஏற்றிக்கொள்வதை இரண்டு அம்புகளாகச் சொல்லும் எஸ்.என். 36.6 ஒரு பக்கம்தான். பஸ்ஸில் போகும்போதே படித்துவிடலாம்.

இந்தப் பழக்கம் வந்துவிட்டால் வாட்ஸ்அப்பில் வருவதைப் பிரித்துப் பார்ப்பது எளிது. "எதையும் நம்பாதே, உன் அறிவுக்குப் பட்டதை மட்டும் ஏற்றுக்கொள்" என்று புத்தர் படத்தோடு ஒரு வாசகம் சுற்றுகிறதே, அதன் மூலம் ஏ.என். 3.65, காலாமர் என்ற குலத்தாருக்குச் சொன்ன உரை. திறந்து பாருங்கள். காதால் கேட்டது, பரம்பரை, நூல், "இவர் நம் ஆசான்" என்பவை போதாது என்று அடுக்கும் அதே பட்டியலில் தர்க்கமும் ஊகமும்கூட இருக்கின்றன. அளவுகோலாக வருவது வேறு: இந்தச் செயல் தீங்கு தருமா, அறிவுடையோர் இதைப் பழிப்பார்களா என்பது. போஸ்டர் சொல்வதற்கு ஏறக்குறைய எதிர்த்திசை. புத்தரைத் திட்டியவன் கதையும் அப்படித்தான், ஆளுக்கொரு விதமாக வளர்ந்திருக்கிறது. எஸ்.என். 7.2இல் அது சுருக்கமாக இருக்கிறது. விருந்தாளி சாப்பிடாமல் போனால் சமைத்தது யாருக்கு என்று புத்தர் கேட்கிறார். அந்த வசையும் உனக்கே என்கிறார்.

இன்னொரு அடுக்கையும் அறிந்திருக்க வேண்டும். சாவு விழாத வீட்டிலிருந்து கடுகு வாங்கி வரச் சொன்ன கிசாகோதமி கதை நிகாய உரைகளில் கிடைக்காது. தம்மபதத்துக்கு எழுதிய விளக்கவுரை போன்ற பிற்கால நூல்களில் வருகிறது. அதனால் அது கட்டுக்கதை என்று தூக்கி எறிய வேண்டாம். மூலம், பழைய விளக்கவுரை, நேற்று யாரோ எழுதியது என்ற மூன்றில் எது என்று பேசுகிறவர் பிரித்துச் சொல்கிறாரா என்பதுதான் கவனிக்க வேண்டியது. பிரித்துச் சொல்பவரைத் தொடர்ந்து கேளுங்கள்.

தமிழ்க் காணொளிகளில் பல ஓடைகள் ஒரே பெயரில் ஓடுகின்றன. அம்பேத்கரின் வழி ஒன்று. 1956 அக்டோபர் 14இல் நாக்பூரில் அவர் பௌத்தம் தழுவினார். மறுவருடம் வெளிவந்த அவருடைய நூலில் புத்தர் துறவு பூண்ட காரணத்தையும், துன்பம் பற்றிய அவருடைய நான்கு வாய்மைகளையும் மரபிலிருந்து விலகி விளக்கினார். அதை அம்பேத்கரின் பௌத்தம் என்று தெரிந்தே கேளுங்கள், கேட்க வேண்டியதுதான். மணிமேகலை, வீரசோழியம் என்று இலக்கிய வழியில் வருபவர்கள் இன்னொரு பக்கம். இவர்களிடம் தமிழ்ப் பௌத்த வரலாறு கிடைக்கும், தியானப் பயிற்சி கிடைக்காது. மயிலை சீனி. வேங்கடசாமியின் "பௌத்தமும் தமிழும்" இந்த வகைக்கு நல்ல அடித்தளம். போதிதர்மர் விஷயத்தில் சொல்வதை அப்படியே நம்பிவிடாதீர்கள். 6ஆம் நூற்றாண்டுச் சீனக் குறிப்புகளிலேயே ஒன்று அவரைப் பாரசீகர் என்கிறது, இன்னொன்று தென்னிந்தியர் என்கிறது. குங்ஃபூவோடு அவரைச் சேர்த்த நூல் 17ஆம் நூற்றாண்டுக்காரருடையது. சக்கரம், குண்டலினி, தூக்க இசை எல்லாம் "தியானம்" என்று தேடுவதால் வருபவை. "ஆனாபானசதி" (மூச்சைக் கவனிப்பது), "சதிபட்டானம்" (விழிப்புணர்வை நிலைநிறுத்துவது) என்று தேடினால் பாதி களை போய்விடும்.

ஆங்கிலப் பேச்சில் தொடங்க அஜான் பிரம் என்ற பிக்கு சுலபமானவர். சிரிக்க வைப்பார், கதை அதிகம், புத்தரின் உரை குறைவு. பிக்கு போதி மஜ்ஜிம நிகாயத்தை எடுத்து நடத்திய நீண்ட வகுப்புகள் இன்னும் ஆழமானவை. நைட் ஷிப்ட் முடிந்து அரைத்தூக்கத்தில் கேட்டால் ஒன்றும் நிற்காது. நம் ஊர்க் குரல் வேண்டுமென்றால் இலங்கையிலிருந்து வந்த பிக்கு கே. ஸ்ரீ தம்மானந்தா. 1952இல் மலாயா வந்து, 2006இல் மறையும்வரை கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் மகா விகாரையைத் தளமாகக் கொண்டிருந்தவர். அவர் எழுதியவை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பள்ளிக்கூட ஆங்கிலம் போதும்.

ஒருவரின் ஒழுக்கம் கூட வாழ்ந்தால்தான், அதுவும் நெடுநாள் வாழ்ந்தால்தான் தெரியும் என்கிறது ஏ.என். 4.192. திரையில் அது நடக்காது. பிக்குகளுக்கான ஒழுக்க விதிகளில் (வினயம்) ஒன்று மட்டும் திரையிலும் உதவும். மெய்யாகவே எய்திய உயர்நிலையைக்கூட இல்லறத்தாரிடம் பிக்கு சொல்லிக்கொள்ளக் கூடாது. எய்தாததை எய்தியதாகத் தெரிந்தே சொன்னால் பிக்கு சங்கத்திலிருந்தே நீக்கம். ஆகவே காவி உடையில் "நான் ஞானம் பெற்றேன்" என்று ஒருவர் போடும் காணொளியை அந்த இடத்திலேயே மூடிவிடுங்கள். இப்போது செயற்கை நுண்ணறிவுக் குரலில் பேசும் சேனல்களும் பெருகிவிட்டன. பேசுபவர் பெயர் இல்லை, எந்த விகாரை என்று இல்லை, தினம் ஒன்றாக ஒரு மணி நேரக் காணொளி வருகிறது என்றால் சந்தேகப்படுங்கள். மறைந்த ஆசிரியரின் புதிய உரை என்று வந்தால் அவருடைய மடத்தின் சொந்தச் சேனலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

மதமாற்றம் பற்றிய பயம் வேண்டாம். பாலி நூல்களைப் பின்பற்றும் தேரவாத வழக்கில் திரிசரணமும் (புத்தர், தம்மம், சங்கத்தைச் சரணடைவது) பஞ்சசீலமும் (ஐந்து ஒழுக்கங்கள்) வேண்டுபவர் கேட்டபின்தான் கொடுக்கப்படும். பினாங்கில் கம்பார் சாலையின் மகிந்தாராமா இலங்கை மரபு. 1803இல் அமைந்த தம்மிகாராமா பர்மிய மரபு. மலேசிய பௌத்த தியான மையம் பர்மியப் பிக்கு மகாசியின் தியான முறை. நீங்கள் படித்த உரையின் எண்ணைக் குறித்துக்கொண்டு போய் பிக்குவிடம் கேளுங்கள், பேச்சு உடனே பிடித்துக்கொள்ளும். உணவு கொடுப்பதாக இருந்தால் நண்பகலுக்கு முன்.

பயிற்சி வேண்டுமென்றால் கோயங்காவின் விபஸ்ஸனா தியான மரபில் 10 நாள் முகாம் பகாங், கம்பாங் அருகே தம்ம மலாயாவில் நடக்கிறது. கட்டணம் கிடையாது, கைப்பேசி கிடையாது, பேச்சும் கிடையாது. தமிழ்ப் பதிவு வேண்டுமா என்பதை விண்ணப்பிக்கும்போதே கேட்டுவிடுங்கள். மனநலச் சிகிச்சை எடுத்திருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். நாள் முழுக்க உட்காரும் பயிற்சி சிலருக்கு ஒத்துவராது. மாதத்தில் எந்த ஷிப்ட் என்று தெரிந்துகொண்டு 12 நாள் லீவு போடுங்கள், வந்து போகும் நாள் 10இல் சேராது.

தானம் கேட்டால் கணக்கு விகாரையை நடத்தும் சங்கத்தின் பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள். பிக்கு பணம் வாங்கக் கூடாது என்பதே தேரவாத விதி. அவர் பெயரிலோ தெரியாத தனிநபர் பெயரிலோ கணக்கு வந்தால் அனுப்பாதீர்கள். போலீஸின் செமாக் மியூல் தளத்தில் கணக்கு எண்ணைப் போட்டால் புகார் இருப்பது தெரிந்துவிடும். அனுப்பிய பிறகு சந்தேகம் வந்தால் வங்கியைக் கூப்பிடுங்கள், அல்லது உடனே மோசடிப் புகார் எண் 997.