ஆராதனைக்கு இன்னொரு ஜோடிக் கை வேண்டும்

கேள்வி: எனக்கு வயது 26. பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு மெட்ரிக் பள்ளியில் இசை ஆசிரியையாக இருக்கிறேன். மாலை 5 மணியிலிருந்து எட்டரை வரை வீட்டில் கீபோர்டு டியூஷன். 11 பிள்ளைகள் வருகிறார்கள். எல்லாரும் லண்டன் டிரினிட்டி கல்லூரி நடத்தும் கிரேடு (படிநிலை) இசைத் தேர்வுக்குப் படிப்பவர்கள். ஒவ்வொருவருக்கும் வாரம் மூன்று முறை, தனித்தனியாக அரை மணி நேரம். தம்பியின் கல்லூரிக் கட்டணம் அந்தப் பணத்தில்தான் போகிறது. எங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆலயத்தில் கீபோர்டு வாசிப்பது நான் ஒருத்திதான். சனிக்கிழமை பாடகர் குழுப் பயிற்சி, ஞாயிறு காலை இரண்டு ஆராதனை, நடுவில் ஞாயிறு பள்ளி, அப்புறம் கல்யாணம், வீட்டு ஜெபம் என்று யாராவது கூப்பிடுவார்கள். இப்போது கன்வென்ஷன் (சபையின் சிறப்பு நற்செய்திக் கூட்டம்) பாடல்களையும் மே மாத வி.பி.எஸ். (பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி) பாடல்களையும் பொறுப்பெடுக்கச் சொல்கிறார் எங்கள் போதகரான ஐயர். என்னுடைய கிரேடு 8 தேர்வை இரண்டு முறை தள்ளிப்போட்டுவிட்டேன். வியாழக்கிழமை வந்தாலே தொண்டை கட்டிக்கொள்கிறது. "கல்யாணமானால் இதெல்லாம் எப்படி நடக்கும்?" என்று அம்மா கேட்கிறார்கள். என்னிடம் படிப்பவர்களில் மூன்று பேர் எங்கள் சபைப் பிள்ளைகள். ஒருவன் கிரேடு 5 முடித்துவிட்டான், அவர்களையும் பாதியில் விட முடியாது. ஆராதனையில் கை வாசிக்கிறது, மனது அடுத்த பாட்டின் எண்ணைத் தேடுகிறது. நான் மனதார ஜெபித்து எவ்வளவு நாளாயிற்று என்றே தெரியவில்லை. எதையாவது விட்டால், இயேசு சொன்ன உவமையில் வரும் ஊழியனைப் போல, கொடுக்கப்பட்ட தாலந்தைப் புதைத்தவள் ஆகிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. நேரத்தை எப்படிப் பிரிப்பது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புத் தங்கைக்கு,

நேரத்தை எப்படிப் பிரிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வாரத்தை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். பிரிப்பதற்கு அதில் எதுவும் மிச்சமில்லை. ஆனால் கடிதத்தின் நடுவில் ஒரு வரியைப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள், அதைத்தான் திரும்பத் திரும்ப வாசித்தேன். உங்களிடம் படிக்கிற மூன்று பிள்ளைகள் உங்கள் சபைப் பிள்ளைகள். அதில் ஒருவன் கிரேடு 5 முடித்திருக்கிறான். அவர்களையும் உங்கள் பாரங்களில் ஒன்றாக எண்ணியிருக்கிறீர்கள். எனக்கோ அந்த வரியில்தான் வழி தெரிகிறது. உங்கள் ஆலயத்துக்கு இரண்டாவதாக ஒரு கீபோர்டு வாசிப்பவர் வேண்டும். அவரை உருவாக்க ஊரிலேயே தகுந்த ஆள் நீங்கள்தான்.

முதலில் அந்தப் பயத்தைப் பேசிவிடுவோம், ஏனென்றால் அது போகாமல் நான் சொல்லும் எதையும் நீங்கள் செய்யமாட்டீர்கள். மத்தேயு 25-ஆம் அதிகாரத்தை மறுபடியும் நிதானமாக வாசியுங்கள். எஜமான் தன் ஊழியர்களில் ஒருவனுக்கு ஐந்து தாலந்து (அந்தக் காலத்துப் பெரிய பணம்), ஒருவனுக்கு இரண்டு, ஒருவனுக்கு ஒன்று கொடுத்தார். அவனவன் திறமைக்குத் தக்கதாகத்தான் கொடுக்கப்பட்டது. எல்லாத் தாலந்தையும் ஒரே ஆள் தலையில் எஜமான் ஏற்றவில்லை. புதைத்தவன் எதனால் புதைத்தான் என்பதையும் பாருங்கள்: பயத்தினால். இன்று நீங்கள் எதையும் மறுக்காமல் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொள்வதும் பயத்தினால்தான். கற்றதை இன்னொரு பிள்ளையின் கையில் கொடுக்கிறவளை யாரும் புதைத்தவள் என்று சொல்ல முடியாது.

1 நாளாகமம் 25-ஐயும் எடுத்துப் பாருங்கள். தேவாலயப் பாடகர்களைத் தாவீது எப்படி ஏற்பாடு செய்தார் என்று அங்கே இருக்கிறது. மொத்தம் 288 பேர். அவர்களை 24 பிரிவாக, பிரிவுக்கு 12 பேராக அமைத்து, முறை வைத்துப் பாட விட்டார். ஆசான், மாணாக்கன் என்ற வேறுபாடு இல்லாமல் சீட்டுப் போட்டார்கள் என்றும் எழுதியிருக்கிறது. முறை போட்டுக்கொள்வது பக்தியில் குறைவு என்று யாராவது சொன்னால், அந்த அதிகாரத்தைக் காட்டுங்கள்.

ஜெர்மனியில் 1723-இல் லைப்சிக் நகர ஆலயங்களின் இசைப் பொறுப்பை ஏற்ற இசையமைப்பாளர் செபஸ்தியான் பாக்கை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. உங்கள் பாடத்திட்டத்திலேயே அவர் இருப்பார். அவருடைய வேலை நாட்கள் உங்களுடையதைப் போலத்தான் இருந்தன: தோமா பள்ளியில் பையன்களுக்கு இசை கற்றுக்கொடுக்க வேண்டும், நான்கு ஆலயங்களுக்குப் பாடகர்களை அனுப்ப வேண்டும், ஆண்டின் பெரும்பகுதி வாராவாரம் பெரிய ஆராதனை இசையை நடத்த வேண்டும். இவ்வளவையும் அவர் ஒருவரே செய்யவில்லை. எல்லா ஆலயத்திலும் அவரே நிற்கவுமில்லை. மூத்த மாணவர்களைத் தலைவர்களாக்கிப் பொறுப்புக் கொடுத்திருந்தார்கள். லத்தீன் பாடம் எடுக்கும் கடமையும் அந்தப் பதவியோடு சேர்ந்ததுதான். அதை இன்னொரு ஆசிரியருக்குப் பணம் கொடுத்து ஒப்படைத்துவிட்டார். இன்னொரு விஷயம்: அந்த ஊர் வழக்கப்படி, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட அட்வென்ட் காலத்தின் முதல் ஞாயிறு முடிந்ததும் அடுத்த மூன்று ஞாயிறுகளில் பெரிய இசை கிடையாது. கிறிஸ்துமஸ் வரை மூச்சு விட நேரம் இருந்தது. நம்முடைய ஆலயங்களில் அதே மூன்று வாரத்தில்தான் கேரல் ரவுண்ட்ஸ், கேரல் ஆராதனை, ஞாயிறு பள்ளி விழா எல்லாம் சேர்ந்து வருகின்றன. பள்ளி ஆண்டு விழாவும் சில இடங்களில் அப்போதுதான். டிசம்பரில் ஞாயிறு ஆராதனைக்குப் புதுப் பாட்டு வேண்டாம், எல்லாருக்கும் தெரிந்த, மேற்கத்திய ராகத்தில் பாடும் பாமாலைப் பாட்டுகளே போதும் என்று ஐயரிடம் கேட்டு வாங்குங்கள். சபையார் இன்னும் சத்தமாகத்தான் பாடுவார்கள்.

சரி, அந்தப் பையனுக்கு வருவோம். கிரேடு 5 முடித்தவனுக்கு நோட்டேஷன் வாசிக்க வரும். ஆனால் ஆலயத்தில் வாசிப்பது வேறு வேலை என்று உங்களுக்குத் தெரியும். பாமாலை ராகங்களுக்கு நோட்டேஷன் புத்தகம் இருக்கிறது. நம் நாட்டு ராகத்தில் அமைந்த கீர்த்தனையைக் காதால் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும், சபை இழுத்தால் கூடவே இழுக்க வேண்டும். ஆகவே ஒரு ஆராதனை முழுவதையும் ஒரேயடியாக அவனிடம் கொடுக்காதீர்கள். சபைக்கு நன்றாகத் தெரிந்த பாமாலைப் பாட்டுகளில் ஆறு எடுத்து, மேல் குரலும் பேஸும் (கீழ்க் குரல்) மட்டும் வாசிக்கப் பழக்குங்கள். காணிக்கைப் பாட்டு அவனுடைய முதல் பொறுப்பாக இருக்கட்டும். அந்த நேரத்தில் எல்லார் கண்ணும் கையும் வேறு வேலையில் இருக்கும். சில வாரம் கழித்துத் தொடக்கப் பாட்டு. அப்புறம் ஆராதனை முறையில் பாடுகிற பதிலுரைகள். கீர்த்தனை கடைசியில். அவன் வாசிக்கும்போது நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள், கையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். தப்பு வரும். பாடகர் குழுவில் மூத்தவர் யாராவது திரும்பிப் பார்ப்பார். அதற்காக அவன் கையை விலக்கி நீங்கள் வாசித்துவிட்டால், அவன் மறுபடியும் அந்த இருக்கையில் உட்காரமாட்டான். "நம் சபைப் பிள்ளை இன்று முதல் முறையாக வாசிக்கிறான்" என்று ஐயர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், திரும்பிப் பார்ப்பவரும் புன்னகைப்பார்.

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். எந்தப் பாட்டுக்கு எந்த ஸ்கேல், டெம்போ எவ்வளவு, கீபோர்டில் எந்தத் தாள ஸ்டைல் எண், எத்தனையாவது சரணத்துக்கு மேல் சபை தளரும் என்பதெல்லாம் இப்போது உங்கள் தலையில் மட்டும் இருக்கிறது. உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் அந்த ஞாயிறு ஆலயத்தில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நோட்டு இருந்தால் அந்த மூன்று பிள்ளைகளில் யாராவது சமாளித்துக்கொள்வார்கள்.

அவன் ஓரளவு தேறியதும், மாதத்தில் ஒரு ஞாயிறு நீங்கள் கீபோர்டு பக்கமே போகக்கூடாது. அம்மாவோடு பெஞ்சில் உட்காருங்கள். பாட்டுப் புத்தகத்தைத் திறந்து சபையோடு பாடுங்கள். பிரசங்கம் கேளுங்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் வலித்தது, மனதார ஜெபித்து எவ்வளவு நாளாயிற்று என்று தெரியவில்லை என்ற வரிதான். ஊரே ஆராதிக்க உதவுகிறவள் ஆராதிக்க முடியாமல் இருப்பது சபைக்கும் நல்லதல்ல. ஐயரிடம் இதை அப்படியே சொல்லுங்கள். கமிட்டிக் கணக்கு, வேலைப்பளு எல்லாவற்றையும் விட இந்த ஒரு காரணத்தை அவர் நன்றாகப் புரிந்துகொள்வார்.

ஐயரிடம் பேசும்போது "முடியவில்லை ஐயா" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். அவர் ஜெபம் பண்ணி அனுப்பிவிடுவார். எழுதிக்கொண்டு போங்கள். கன்வென்ஷனா, வி.பி.எஸ்ஸா என்று கேட்டால், ஒன்றை எடுங்கள். நானாக இருந்தால் கன்வென்ஷனை எடுத்துக்கொண்டு, வி.பி.எஸ். பாட்டுகளை ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கு இரண்டு மாலையில் சொல்லிக்கொடுத்து, கூடவே ஒரு பதிவும் செய்து கொடுத்துவிடுவேன். ஆட்டமும் பாட்டுமாகச் சொல்லிக்கொடுக்க அவர்களால் முடியும். அதே பேச்சில், ஞாயிறு பாட்டு எண்கள் வியாழக்கிழமை இரவுக்குள் கைக்கு வந்துவிட வேண்டும் என்றும் கேளுங்கள். சனி இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் வந்தால் யாராலும் நிம்மதியாகத் தூங்க முடியாது. இதெல்லாம் ஒத்துக்கொள்ளப்பட்டால் சேகரக் கமிட்டியில் (சபை நிர்வாகக் குழுவில்) தீர்மானமாக எழுதிவிடச் சொல்லுங்கள். ஐயர்மார்களுக்கு இடமாற்றம் வரும். புதிதாக வருகிறவரிடம் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கக்கூடாது.

டியூஷனை விடச் சொல்லமாட்டேன், தம்பி படிக்க வேண்டும். ஆனால் 11 பிள்ளைகளுக்கு வாரம் மூன்று முறை தனித்தனியாக அரை மணி என்றால் பதினாறரை மணி நேரம் ஆகிறது. மூன்றில் ஒரு வகுப்பைக் கூட்டு வகுப்பாக மாற்றுங்கள். சிறிய கிரேடு ஒரு குழு, பெரிய கிரேடு ஒரு குழு, குழுவுக்கு ஒரு மணி. ஸ்கேல், காது கேட்டுச் சொல்லும் பயிற்சி, தியரி எல்லாம் சேர்ந்து படித்தால்தான் பிள்ளைகளுக்கு உற்சாகம். தேர்வுப் பாட்டுகளுக்குத் தனி வகுப்பு இரண்டு போதும். மொத்தம் 13 மணி நேரமாகிவிடும், ஒரு மாலை முழுதாக மிஞ்சும். கட்டணத்தைக் குறைக்காதீர்கள். டிசம்பர் தேர்வுதான் வேண்டும் என்று அடம்பிடிக்கிற பெற்றோருக்கு, வீடியோ பதிவு செய்து அனுப்பும் டிஜிட்டல் தேர்வும் இருக்கிறது என்று சொல்லுங்கள். மிஞ்சுகிற அந்த மாலை உங்கள் கிரேடு 8-க்கு. வீட்டு ஜெபத்துக்கு யாராவது கூப்பிட்டால் அன்றைக்கு வகுப்பு இருக்கிறது என்று சொல்லுங்கள். அது பொய்யில்லை, மாணவி நீங்கள்தான்.

தொண்டையைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வகுப்பில் ஒவ்வொரு வரியையும் நீங்களே பாடிக் காட்டாதீர்கள். சுருதியைக் கீபோர்டு கொடுக்கட்டும், நன்றாகப் பாடுகிற பிள்ளை ஒன்று முதலில் பாடட்டும். சத்தத்துக்கு மேல் கத்தாமல், தலைமையாசிரியரிடம் கேட்டு ஒரு சின்ன மைக் வாங்கிக்கொள்ளுங்கள். அடிக்கடி தண்ணீர் குடியுங்கள். தொண்டை கட்டியிருக்கும்போது கிசுகிசுத்துப் பேசுவதை ஓய்வு என்று நினைக்க வேண்டாம், அதுவும் குரலுக்குச் சிரமம்தான். கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் கஷாயத்தோடு நிற்காமல் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

அம்மாவின் கேள்வி நியாயமானது, கோபப்படாதீர்கள். பெண் பார்க்க வருகிறவர்களிடம் "ஞாயிறு காலை ஆலயத்தில் இருப்பேன், மாலையில் டியூஷன் எடுப்பேன், கிரேடு 8 எழுதப்போகிறேன்" என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும் என்று அம்மாவிடம் இப்போதே பேசி வையுங்கள். கல்யாணத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அம்மா சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். அதைக் கேட்டு முகம் சுளிக்கிற வீடு எது, "எங்கள் ஆலயத்திலும் ஆள் தேவை" என்று சந்தோஷப்படுகிற வீடு எது என்று அம்மாவே பார்த்துக்கொள்வார்கள். இரண்டாவது வீடாக இருந்தாலும், அங்கேயும் மாதத்தில் ஒரு ஞாயிறு பெஞ்சில்தான் உட்காருவேன் என்று சொல்லிவிடுங்கள்.