சிஎஃப்டிஆர்: ஏழாம் குரோமோசோமில் எழுதப்பட்ட உப்பு வாசல்

செல் சவ்வில் குளோரைடு அயனிகளுக்கு (உப்பின் ஒரு பகுதி) வழிவிடும் புரதம் சிஎஃப்டிஆர்; அதைச் செய்வதற்கான குறிப்பு அதே பெயருள்ள மரபணுவில் இருக்கிறது. அது பழுதானால் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற, நுரையீரலிலும் கணையத்திலும் கெட்டியான சளி தேங்கும் பரம்பரை நோய் வரும். இதைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்:

கேள்வி: இந்த மரபணு நுரையீரல் செல்களில் மட்டும்தான் இருக்குமா?

பதில்: இல்லை, கிட்டத்தட்ட எல்லாச் செல்களிலும் உண்டு. ஏழாம் குரோமோசோமின் நீண்ட கரத்தில் இருப்பதை 1989-இல் கண்டுபிடித்தார்கள். ஆனால் நுரையீரல், கணையம், குடல், வியர்வைச் சுரப்பி போன்ற இடங்களில்தான் அதற்கு முக்கிய வேலை.

கேள்வி: இந்த நோய் உள்ள பலருக்குப் புரதத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் (புரதத்தைக் கோர்க்கும் மணி) குறைகிறதாமே. அதற்கா இவ்வளவு பெரிய நோய்?

பதில்: நல்ல கேள்வி. கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். புரதத்தின் நீளம் 1480 அமினோ அமிலங்கள். மரபணுவில் மூன்று மூன்று எழுத்துகள் ஒவ்வோர் அமினோ அமிலத்தைக் குறிக்கும்; 507, 508-ஆம் இடங்களுக்கான எழுத்துகள் ஏடிசி, டிடிடி. இதில் நடுவே சி, டி, டி என்ற மூன்று எழுத்துகள் விழுந்துவிடுகின்றன. மிஞ்சுவது ஏடிடி. அதுவும் ஏடிசி குறித்த ஐசோலியூசின் என்ற அமினோ அமிலத்தையே குறிப்பதால் 507 அப்படியே இருக்கிறது. 508-இல் இருந்த ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலம் மட்டும் காணாமல் போகிறது. மூன்று மூன்றாகப் படிப்பதால் அப்புறம் வரும் எதுவும் குழம்புவதில்லை. ஆனாலும் புரதம் சரியாக மடியாது. செல்லின் தரச் சோதனை அதைப் பிடித்து, பெரும்பாலும் சவ்வுக்குப் போகுமுன்பே சிதைத்துவிடும். ஓரளவு வேலை செய்யக்கூடிய புரதம்கூட இப்படி வழியிலேயே அழிவதுதான் எனக்கு மிகவும் வருத்தமான விஷயம்.

கேள்வி: குழந்தைக்கு முத்தம் கொடுத்தால் உப்புக் கரிக்கிறது. பயப்பட வேண்டுமா?

பதில்: அதை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள், அம்மா. வியர்வை நாளத்தில் குளோரைடைத் திரும்ப உறிஞ்சுவது இந்தப் புரதம்தான். அது இல்லாவிட்டால் உப்பு வெளியே தங்கிவிடும். குழந்தை மருத்துவரிடம் வியர்வைக் குளோரைடு பரிசோதனை பற்றிக் கேளுங்கள். லிட்டருக்கு 60 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் இருந்தால் நோய் இருக்க வாய்ப்பு அதிகம்.

கேள்வி: எனக்கு இந்த மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று மட்டும் பழுது. நோய் வருமா?

பதில்: பொதுவாக வராது, நீங்கள் கடத்துபவர்; அதாவது பழுதான பிரதியைப் பிள்ளைகளுக்குக் கடத்தக்கூடியவர். துணைவருக்கும் அப்படியே இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர 25 சதவீத வாய்ப்பு.

கேள்வி: எல்லோருக்கும் ஒரே மருந்தா?

பதில்: இல்லை. புரதம் சவ்வுக்கு வந்தும் வாசல் திறக்காதவர்களுக்கு, 2012-இல் அனுமதி பெற்ற ஐவாகாஃப்டர் வாசலைத் திறக்க உதவுகிறது. 508-ஆம் அமினோ அமிலம் இல்லாத குறைபாட்டில் புரதம் முதலில் சவ்வுக்கு வந்து சேர வேண்டுமே! அதனால் மடிப்பைச் சரிசெய்யும் இரண்டு மருந்துகளை ஐவாகாஃப்டருடன் சேர்த்த கூட்டு மருந்து 2019-இல் வந்தது. உங்கள் மாற்றம் எந்த வகை என்று மரபணு அறிக்கையில் பார்த்துவிட்டு மருத்துவரிடம் பேசுங்கள்.