கிரவுனைத் திறக்கும் முன் வண்டிக்கு அடியில் பாருங்கள்

கேள்வி: என்னுடையது 2009 மாடல் டீசல் பிக்கப். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் இருந்து கோவைக்குக் காய்கறி லோடு அடிக்கிறேன். சில மாதங்களாக, 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் பின்னால் 'ஊ...' என்று ஒரு சத்தம். ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தால் குறைகிறது. ப்ரொப்பெல்லர் ஷாப்டின் கிராஸ் (முனையில் இருக்கும் மூட்டு) தேய்ந்துவிட்டது என்று மாற்றினோம். சத்தம் போகவில்லை. அதற்கப்புறம் 60, 70-ல் போகும்போது சீட்டுக்கு அடியில் அதிர்வும் வருகிறது. இப்போது பின் ஆக்சிலுக்குள் இருக்கும் பல்சக்கர ஜோடியான கிரவுன் பினியன் செட்டையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?
வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: இப்போதைக்கு மாற்றாதீர்கள். உங்கள் வண்டிக்கு நோய் இரண்டு. சத்தம் வேறு, அதிர்வு வேறு.

கிராஸ் மாற்றிய பிறகுதான் அதிர்வு வந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அங்கிருந்தே தொடங்குவோம். கியர்பாக்ஸில் இருந்து பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ப்ரொப்பெல்லர் ஷாப்டைக் கழற்றும்போது பல் வைத்த ஸ்லிப் பகுதி தனியாக உருவி வந்துவிடும். முன்கூட்டியே சுண்ணாம்பிலோ பெயின்டிலோ அடையாளம் போடாமல் திரும்பச் சொருகினால், ஒரு பல் தள்ளி உட்கார்ந்துவிடலாம். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, அடியில் படுத்துப் பாருங்கள். ஷாப்டின் இரண்டு முனையிலும் கிராஸைப் பிடித்திருக்கும் கவைகள் ஒரே நேராக நிற்க வேண்டும். சாய்வாக ஓடும் கிராஸ் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வேகம் கூட்டிக் குறைத்துத்தான் சுற்றும். முன் கிராஸ் செய்கிற இந்த ஏற்ற இறக்கத்தைப் பின் கிராஸ் சரிக்கட்ட வேண்டும். கவைகள் திருகி நின்றால் அது நடக்காது.

அதிர்வு டயரிலா, ஷாப்டிலா என்பதை உட்கார்ந்த இடத்திலேயே பிரித்துவிடலாம். 60 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்கு ஏழெட்டுச் சுற்றுதான் சுற்றும். ஷாப்ட் ஏறக்குறைய அதைப்போல் நான்கு மடங்கு, முப்பது சுற்று. டயர் என்றால் வண்டி குலுங்கும். ஷாப்ட் என்றால் 'கிர்' என்று சீட்டில் ஏறும். நீங்கள் சொல்வது இரண்டாவது வகை போலத் தெரிகிறது. ஷாப்டை நடுவில் தாங்கும் சென்டர் பேரிங்கின் ரப்பர் கிழிந்திருக்கிறதா என்பதையும் அப்படியே பார்த்துவிடுங்கள்.

சரி, சத்தத்துக்கு வருவோம். சக்கர பேரிங் போயிருந்தால் மிதித்தாலும் விட்டாலும் உறுமல் பெரிதாக மாறாது. இடது பக்கம் வளைத்தால் வலது பேரிங் கூடுதலாகக் கத்தும், வலது பக்கம் வளைத்தால் இடது. டயர் சத்தம் என்றால் புதுத் தார் ரோட்டில் ஏறியதும் மாறிவிடும். உங்களுடையது மிதிக்கு ஏற்ப ஏறி இறங்குகிறது. அதனால் சந்தேகம் பினியன் பக்கம்தான். உங்கள் மெக்கானிக் பார்த்த இடம் சரி. ஆனால் பல்தான் போயிருக்கிறது என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம்.

முதலில் ஆயில். வண்டி ஆறிய பின், கிரவுன் பினியன் இருக்கும் ஹவுசிங்கின் லெவல் ப்ளக்கைக் கழற்றி விரலை விடுங்கள். துளையின் கீழ் விளிம்பு வரை ஆயில் நிற்க வேண்டும். வடிக்கும்போது சாம்பல் நிறப் பசை வந்தால் பயமில்லை, அது வழக்கமான தேய்மானம். விரலில் குத்துகிற இரும்புச் சில் வந்தால் திறந்தே ஆக வேண்டும். பிறகு, ஷாப்ட் வந்து சேரும் பினியன் பிளாஞ்சைக் (தட்டு) கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். சுற்று வாக்கில் கொஞ்சம் ஆட்டம் இருக்கலாம். மேல் கீழாகவோ முன் பின்னாகவோ ஆடினால் பினியன் பேரிங் போய்விட்டது.

இதை இவ்வளவு வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. பல வருடத்துக்கு முன் என் பட்டறைக்கு வாழைத்தார் ஏற்றும் வண்டி ஒன்று இதே சத்தத்தோடு வந்தது. வேறிடத்தில் புதுக் கிரவுன் செட் போட்டும் சத்தம் நிற்கவில்லை. திறந்தால், புதுப் பல்லுக்குப் பின்னால் பழைய பினியன் பேரிங்கையே வைத்து மூடியிருந்தார்கள். ரோலர்களில் அம்மைத் தழும்பு போலக் குழி. புதுப் பல்லும் அதற்குள் ஒரே ஓரத்தில் தேய்ந்து பளபளத்தது. அந்த மனிதர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு நெடுநேரம் பேசவில்லை.

பேரிங் மட்டும் என்றால் அதை மாற்றி, ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) அளவு பார்த்து, பற்கள் தொடும் இடத்தைக் காட்டும் மார்க்கிங் ப்ளூ சாயத்தைப் பல்லில் தடவிச் சோதித்து மூடச் சொல்லுங்கள். பல்லே போயிருந்தால் கிரவுனும் பினியனும் ஜோடியாகத்தான் வர வேண்டும். ஒன்றை மட்டும் மாற்ற ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: பழைய பிக்கப்பில் பின் டிரம்முக்குள் கியர் ஆயில் கசிகிறது. ஆக்சில் சீல் இரண்டு முறை மாற்றியும் நிற்கவில்லையே?
வாசகர், தாராபுரம்

பதில்: ஹவுசிங் மேலே இருக்கும் பிரீதரை (காற்றுப் போக்கி) கழற்றி ஊதிப் பாருங்கள். சேறு அடைத்தால் சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி, புது சீலையும் தாண்டி ஆயில் வரும். பிரேக் ஷூ ஆயிலில் நனைந்திருந்தால் துடைத்துப் போடாமல் மாற்றிவிடுங்கள். அதுவரை லோடு ஏற்ற வேண்டாம்.