தமிழ்நாட்டுப் பெண்கள் எந்தக் கருத்தடை முறையை அதிகம் பயன்படுத்துகிறார்கள்? முன்பைவிட மாறியிருக்கிறதா?

கருத்தடை செய்துகொள்பவர்கள் கூடியிருக்கிறார்கள், முறைதான் பெரிதாக மாறவில்லை. இன்னமும் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன்தான்.

தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 2015-16இல் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குள் இருக்கும் மணமான பெண்களில் சுமார் 53 சதவீதம் பேர் ஏதாவதொரு முறையைக் கடைப்பிடித்தார்கள். 2019-21இல் அது 68ஐத் தாண்டிவிட்டது. (மணமாகாதவர்கள் இந்தக் கணக்கிலேயே வரமாட்டார்கள்.) ஆனால் அந்த 68க்குள் ஏறக்குறைய 58 பேர் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். இந்தியா முழுவதும் எடுத்தால் இது 38தான். காப்பர்-டி கொஞ்சம் கூடியிருக்கிறது, அதுவும் ஒற்றை இலக்கத்தைத் தாண்டவில்லை.

ஏன் இப்படி? நம் ஊரில் பிரசவம் கிட்டத்தட்ட எல்லாமே ஆஸ்பத்திரியில்தான், அதிலும் 45 சதவீதம் சிசேரியன். இரண்டாவது குழந்தை என்றால் "அதோடு சேர்த்தே முடிச்சிடலாமா?" என்ற கேள்வி தானாக வந்துவிடும். எனக்கும் அப்படித்தான் நடந்தது. நானே சரி என்றதுதான், வருத்தம் எதுவும் இல்லை. ஆனால் இரண்டு பிரசவத்துக்கும் நடுவில் என்ன செய்வது என்று ஒருவரும் என்னிடம் பேசியதில்லை. ஆபரேஷன் குழந்தைப் பேற்றை நிறுத்தத்தான் உதவும், இடைவெளி விட உதவாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி, லக்னோவில் கண்டுபிடித்த ஹார்மோன் இல்லாத சாயா மாத்திரை இரண்டும் 2017 முதல் அரசுத் திட்டத்தில் இலவசம். என் தோழிகளில் பாதிப் பேருக்கு இந்தப் பெயர்களே தெரியாது.

ஆண்கள்? ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் இந்திய அளவில் 0.3 சதவீதம், இங்கே அந்த அளவுகூட இல்லை. எப்போதும் இப்படி இருக்கவில்லை. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77இல் நாடு முழுக்க நடந்த சுமார் 82 லட்சம் ஆபரேஷன்களில் 62 லட்சம் ஆண்களுக்குத்தான். அந்தக் கட்டாயம் கிளப்பிய கோபத்துக்குப் பிறகு அரசாங்கம் மொத்தச் சுமையையும் பெண்கள் பக்கம் தள்ளிவிட்டது என்பேன். இத்தனைக்கும் ஆண்களுக்கான நவீன முறையில் தையலே கிடையாது, அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். ஒன்று மட்டும் முக்கியம்: அதற்கப்புறம் மூன்று மாதம் ஆணுறை வேண்டும், விந்துப் பரிசோதனையில் அணுக்கள் இல்லை என்று உறுதியாகும்வரை நிறுத்தக் கூடாது. இதைச் சொல்லாமல் விடுகிற இடத்தில்தான் "அவருக்கு ஆபரேஷன் பலிக்கலையாம்" என்ற பேச்சு கிளம்புகிறது.