பழைய கேர்னலிலும் வேலை செய்யவில்லை என்றால்...

கேள்வி: மல்லாவியில் சிறிய கணினி வகுப்பு ஒன்று நடத்துகிறேன். பழைய மேசைக் கணினி ஒன்றில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டு, அதன் வழியாகத்தான் 14 கணினிகளுக்கும் இணையம் கொடுக்கிறேன். ஒரு நெட்வேர்க் காட் 4ஜி றூட்டருக்கு, மற்றது சுவிட்சுக்கு. இவ்வளவு காலமும் கரண்ட் போய் வந்தாலும் எல்லாம் தானாகவே எழும்பிவிடும். போன சனிக்கிழமை டெபியன் 12இலிருந்து 13க்கு மாற்றினேன். அதன் உட்கருவான கேர்னலும் 6.1இலிருந்து 6.12 ஆகிவிட்டது. இப்போது சேர்வரில் இணையம் வருகிறது, பிள்ளைகளின் கணினி ஒன்றில்கூட வரவில்லை. பழைய கேர்னலில் தொடக்கிப் பார்த்தேன், அதே கதைதான். டெபியன் 12ஐயே திரும்பப் போடவா?

பதில்: வேண்டாம். பழைய கேர்னலில் தொடக்கிப் பார்த்தேன் என்கிறீர்களே, பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. 6.1இல் நேற்றுவரை ஓடியது இன்று அதே 6.1இல் ஓடவில்லை என்றால் பழுது கேர்னலில் இல்லை. அதோடு சேர்ந்து மாறிய வேறு எதிலோ இருக்கிறது.

14 கணினிகளும் ஒரே இணைப்பால் வெளியே போகச் சேர்வர் செய்யும் முகவரி மாற்றம் (நாட்) என்பது சங்கக்கடை முகவரிக்குக் கடிதம் எடுப்பது போன்றது. உள்ளே 192.168.10.23 என்று இருக்கும் கணினியை வெளியே ஒருவருக்கும் தெரியாது. சேர்வர் தன் முகவரியைப் போட்டு அனுப்பிவிட்டு, யாருடையது என்று கொப்பியில் குறித்து வைக்கிறது. பதில் வந்ததும் உரியவரிடம் கொடுக்கிறது. ஆனால் அதற்கு முன், அடுத்தவர் கடிதத்தைக் கையில் வாங்கவே சேர்வருக்கு அனுமதி வேண்டும். லினக்ஸ் இயல்பாக அந்த அனுமதியைக் கொடுப்பதில்லை.

அதைத்தான் முதலில் பாருங்கள். 'கேட் /புரொக்/சிஸ்/நெட்/ஐபிவி4/ஐபி_போர்வேர்ட்' என்று அடித்தால் ஒரேயொரு இலக்கம் வரும். 1 வந்தால் சரி. உங்களுக்கு 0 வரும் என்றுதான் நினைக்கிறேன்.

காரணம் இது. அந்த அனுமதி வரியை நம்மில் பலர் '/ஈடிசி/சிஸ்சிடிஎல்.கொன்ஃப்' என்ற கோப்பில்தான் எழுதி வைத்திருப்போம். வருடக்கணக்கான பழக்கம். 2025 ஓகஸ்டில் வந்த டெபியன் 13இல், இயந்திரம் எழும்பும்போது எல்லாவற்றையும் தொடக்கிவைக்கும் சிஸ்டம்டி அந்தக் கோப்பை வாசிப்பதில்லை. வெளியீட்டுக் குறிப்பில் சொல்லியிருக்கிறார்கள், ஆனால் அதை யார் முழுதாக வாசிக்கிறோம்? எந்தக் கேர்னலைத் தெரிவுசெய்தாலும் எழுப்புவது அதே சிஸ்டம்டிதான், அதனால்தான் 6.1க்குத் திரும்பியும் பலனில்லை.

'/ஈடிசி/சிஸ்சிடிஎல்.டி' அடைவுக்குள் புதிய கோப்பு ஒன்றைத் திறந்து 'நெட்.ஐபிவி4.ஐபி_போர்வேர்ட்=1' என்று எழுதுங்கள். கோப்பின் பெயர் '.கொன்ஃப்' என்று முடிய வேண்டும், இல்லாவிட்டால் அதையும் கண்டுகொள்ளாது. பிறகு 'சிஸ்சிடிஎல் --சிஸ்டம்' கொடுத்தால் அந்த நிமிடமே நடைமுறைக்கு வரும்.

1 வந்த பிறகும் இணையம் போகவில்லை என்றால், ஊகிக்காமல் கண்ணால் பாருங்கள். ஒரு பிள்ளையின் கணினியிலிருந்து 8.8.8.8க்குப் பிங் ஓடவிட்டு, சேர்வரில் 4ஜி பக்கத்து நெட்வேர்க் காட்டில், போய்வரும் பக்கெற்றுகளை (தரவுப் பொதிகளை) காட்டும் டிசிபிடம்பை ஓடவிடுங்கள். அங்கே ஒன்றுமே வரவில்லை என்றால் கடிதம் பெரும்பாலும் சேர்வருக்குள்ளேயே நிற்கிறது. ஐபிடேபிள்ஸ் என்ற தடுப்பு விதிகளில், அடுத்தவர் கடிதங்களைக் கவனிக்கும் போர்வேர்ட் சங்கிலி 'ட்றொப்' (போட்டுவிடு) என்று இருக்கிறதா என்று பாருங்கள். அந்த இயந்திரத்தில் டொக்கர் என்ற மென்பொருள் போட்டிருந்தால் அதுவே அப்படி மாற்றியிருக்கலாம். 192.168.10.23 என்ற உள்முகவரியோடேயே பக்கெற் வெளியேறினால், முகவரியை மாற்றும் 'மாஸ்கரேட்' விதி அதில் படவில்லை. சேர்வரின் முகவரியோடு போய்ப் பதிலும் வந்து, பிள்ளையின் கணினிக்கு மட்டும் சேரவில்லை என்றால் திரும்பும் வழியைப் போர்வேர்ட் சங்கிலி மறிக்கிறது.

விதி படாமல் போவதற்கு அடிக்கடி காரணமாவது நெட்வேர்க் காட்டுக்கு லினக்ஸ் வைக்கும் பெயர். இது கேர்னல் மாற்றத்தால் உண்மையிலேயே வரக்கூடிய கோளாறு. 'ஈஎன்பி1எஸ்0' என்று இருந்தது, புதிய கேர்னலில் டிரைவர் கூடுதல் விவரம் சொல்வதால் 'ஈஎன்பி1எஸ்0என்பி0' ஆகிவிடலாம். விதியோ பழைய பெயரையே காத்துக்கொண்டிருக்கும், பிழைச் செய்தி எதுவும் வராது. நானும் வவுனியாவில் ஓர் இரவு முழுக்க வயரையும் சுவிட்சையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, விடியத்தான் பெயரில் ஓர் எழுத்து வித்தியாசத்தைக் கண்டேன். இரண்டாவது காட் செருகியதில் 2 என்றிருந்தது 3 ஆகியிருந்தது.

உங்கள் சேர்வரில் இணையம் வருவதால் பெயர் மாறவில்லை என்று உடனே முடிவு கட்டாதீர்கள். முகவரியை 'இன்ரர்பேசஸ்' கோப்பில் எழுதியிருந்தால், பெயர் மாறியதும் சேர்வரே துண்டிக்கப்பட்டிருக்கும். நெட்வேர்க் மனேஜர் என்ற மென்பொருளிடம் விட்டிருந்தால் அது புதிய பெயரோடு தானே இணைந்துவிடும், விதி மட்டும் அநாதையாக நிற்கும். அப்படி மாறியிருந்தால், காட்டின் மாக் முகவரியை (அதில் பதிந்திருக்கும் அடையாள இலக்கத்தை) வைத்து 'வான்0', 'லான்0' என்று நீங்களே பெயர் சூட்டும் '.லிங்க்' கோப்பு ஒன்றை '/ஈடிசி/சிஸ்டம்டி/நெட்வேர்க்' அடைவில் வைத்து, இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் (கணினி எழும்பும்போது முதலில் ஏற்றப்படும் சிறு கோப்புத் தொகுதி) புதுப்பித்துவிடுங்கள். விதியிலும் அந்தப் பெயரையே போடுங்கள்.

விதியில் எத்தனை பக்கெற் பட்டது என்ற எண்ணிக்கையைப் பார்க்கும்போது ஒரு விஷயம். ஒவ்வொரு இணைப்பின் முதல் பக்கெற் மட்டும்தான் நாட் அட்டவணையில் எண்ணப்படும். பிள்ளைகள் வீடியோ பார்க்கும்போதும் அங்கே நூறு, இருநூறுதான் தெரியும். அதைக் கண்டு குழம்ப வேண்டாம். பூச்சியம் என்றால்தான் கவலை.

சில தளங்கள் திறக்கின்றன, சில பாதியில் தொங்குகின்றன என்றால் அது வேறு கதை: எம்டியூ, அதாவது ஒரு பக்கெற்றின் அளவு எல்லை. 4ஜி பக்கத்துக்கு எம்எஸ்எஸ்ஸை (ஒரு பக்கெற்றில் ஏற்றும் தரவின் அளவை) குறைக்கும் விதி ஒன்று போட்டால் போதும்.

எல்லாம் ஓடத் தொடங்கியதும் ஐபிடேபிள்ஸ்-பெர்சிஸ்டன்ட் மூலம் விதிகளைச் சேமித்து, வகுப்பு இல்லாத நேரத்தில் சேர்வரை ஒருமுறை நீங்களே றீபூட் செய்யுங்கள். விசைப்பலகையில் கை வைக்காமல், கடைசி மேசையில் இருக்கும் கணினிக்குப் போய் ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள்.