பச்சைத் தண்ணீரில் மகனீசியம்: கேள்வி பதில்

மட்டக்களப்பில் நெடுநாள் இரசாயனவியல் படிப்பித்தவன் என்பதால் பிள்ளைகள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

சேர், மகனீசியம் நாடாவைத் தண்ணீரில் போட்டு ஒரு பாடவேளை முழுக்கப் பார்த்திருந்தோம். ஒன்றும் நடக்கவில்லையே? (மாணவி, களுவாஞ்சிகுடி)

நடந்திருக்கும் மகள், கண்ணுக்குத் தெரியவில்லை. முதலில் நாடாவை அரத்தாளால் பளபளக்கத் தேயுங்கள். மேலே உள்ள ஒட்சைட்டுப் படை போக வேண்டும். அப்புறம் தண்ணீரில், காரம் பட்டால் இளஞ்சிவப்பாகும் பினோத்தலீன் இரண்டு துளி விட்டால், நாடாவைச் சுற்றி இளஞ்சிவப்பு மெல்லப் படரும். உண்டாகிற மகனீசியம் ஐதரொட்சைட்டு அரிதாகவே கரையும். அது நாடாவிலேயே ஒட்டிக்கொண்டு தண்ணீரை மறித்துவிடுகிறது. சுடுதண்ணீரில் ஐதரசன் குமிழிகளையும் காண்பீர்கள்.

சோடியமும் ஐதரொட்சைட்டைத்தானே தருகிறது? அது மட்டும் ஏன் வெடிக்கிறது? (உயர்தர மாணவன், வாழைச்சேனை)

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி, தம்பி. சோடியம் ஐதரொட்சைட்டு உடனே கரைந்துவிடும். மறிக்க எதுவும் மிஞ்சாது. சோடியம் ஓர் இலத்திரனை விட்டால் போதும், மகனீசியம் இரண்டை விட வேண்டும். அதோடு சோடியம் 98 பாகை செல்சியசிலேயே உருகுவதால், தாக்கத்தின் வெப்பத்திலேயே உருண்டையாகித் தண்ணீர்மேல் ஓடும்.

ஐதரசன் தீப்பற்றுவதுதான் வெடிப்புக்குக் காரணம் என்றே நானும் படிப்பித்து வந்தேன். 2015 இல் பிராக் நகரத்து ஆய்வாளர் பாவெல் யுங்விர்த் குழுவினர் அதிவேகக் கமராவில் வேறொன்றைக் கண்டார்கள். இலத்திரன்கள் கண நேரத்தில் தண்ணீருக்குள் பாய்ந்துவிட, நேரேற்றம் மிஞ்சிய உலோகம் தன்னைத்தானே தள்ளி முள்ளுமுள்ளாகப் பிதுங்குகிறது. ஒவ்வொரு முள்ளும் தண்ணீரைத் தொடும் புதுப் பரப்பு, அதனால் தாக்கம் சட்டென்று வேகமெடுத்து வெடிக்கிறது. என்ன அழகான விளக்கம்!

கடலிலும் வாவியிலும் சோடியம் இருக்கிறதாம். அது ஏன் வெடிப்பதில்லை? (ஒரு தாய், காத்தான்குடி)

ஒரு கிலோ கடல்நீரில் ஏறத்தாழ 10.8 கிராம் சோடியமும் 1.3 கிராம் மகனீசியமும் உண்டு. எல்லாமே அயன்கள். இலத்திரனை எப்போதோ கொடுத்து முடித்தவை, அம்மா.

ஆய்வுகூடத்தில் பழைய சோடியப் போத்தல் ஒன்று இருக்கிறது. கழுவு தொட்டியில் கொட்டலாமா? (இளம் ஆசிரியர், அக்கரைப்பற்று)

வேண்டவே வேண்டாம் தம்பி. மண்ணெண்ணெய் சோடியத்தை மூடி நிற்கிறதா என்று பார்த்து, பூட்டி வையுங்கள். அதை அழிப்பது அனுபவமுள்ளவர் கையால் நடக்கட்டும். பக்கத்தில் காய்ந்த மணல் வாளி ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். இந்த உலோகங்கள் எரிந்தால் தண்ணீர் தீயை வளர்க்கும். எரிகிற மகனீசியமோ காபனீரொட்சைட்டிலிருந்தே ஒட்சிசனைப் பறித்துக்கொள்ளும், ஆகவே அந்த வாயுவாலும் அதை அணைக்க முடியாது. கடற்கரை மணல் எடுக்காதீர்கள், அதிலுள்ள உப்பு ஈரத்தை இழுக்கும். ஆற்று மணலை வெயிலில் நன்றாகக் காயவைத்து, மூடியுள்ள வாளியில் நிரப்புங்கள்.