ராத்திரி இரண்டு மணிக்குச் சோப்பு எதற்கு?

கேள்வி: ஆசைப்பட்டு விஸ்கோஸ் வெல்வெட் சோபா வாங்கினோம். எங்களோடு இருக்கும் மாமியார் அதில் மீன் குழம்பைச் சிந்திவிட்டார். யாரிடமும் சொல்லாமல் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து, துணி சோப்புப் போட்டுத் தேய்த்திருக்கிறார். காலையில் பார்த்தால் மஞ்சள் கறை சிவப்பாகி, துணியும் நசுங்கிக் கிடக்கிறது. எந்தத் துணிக்கெல்லாம் துப்புரவு ஆள் கூப்பிட வேண்டும்? மாமியார் இனிமேல் கை வைக்காமலிருக்க எப்படிச் சொல்வது?
– வாசகி, பொங்கோல்

பதில்: சோபா சங்கதி எளிது, அதை முதலில் முடித்துவிடுவோம். மெத்தையின் ஜிப் ஓரத்திலோ சோபாவின் அடியிலோ ஒரு சீட்டு தைத்திருப்பார்கள். ‘டபிள்யூ’ என்றிருந்தால் தண்ணீர் கலந்த நுரையால் நீங்களே துடைக்கலாம். ‘எஸ்’ என்றால் தண்ணீர் ஆகாது, சால்வென்ட் என்னும் கறை கரைக்கும் ரசாயனத் திரவம்தான், ஆளைக் கூப்பிடுங்கள். ‘எக்ஸ்’ என்றால் வேக்குவமோ மென்மையான பிரஷ்ஷோ போடுவதோடு சரி. கறை பட்டால் தொடாதீர்கள். சீட்டே இல்லையா? பட்டு, விஸ்கோஸ், ஜரிகை வேலைப்பாடு, சுவேட் தோல் எதிலும் நீங்களே சோதனை செய்து பார்க்க வேண்டாம், ஆளைக் கூப்பிடுங்கள். வெல்வெட் என்ற பெயரை மட்டும் வைத்து முடிவு செய்யவும் கூடாது. பாலியெஸ்டர் வெல்வெட் ஓரளவு தாங்கும். விஸ்கோஸ் நனைந்தால் பலம் இழந்துவிடும். அந்த நேரத்தில் தேய்த்தால் இழைகள் படுத்துவிடும்.

சிவப்பு எப்படி வந்தது? மஞ்சளில் இருக்கும் குர்குமின் என்ற நிறப்பொருள், காரத்தன்மை (ஆல்கலி) உள்ள பொருள் பட்டால் சிவக்கும். துணி சோப்பு அப்படிப்பட்டது. நீங்களே தேய்த்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். இனி சோப்பு, நீராவி, ஹேர் டிரையர் எதுவும் வேண்டாம். மின்விசிறியை மட்டும் ஓடவிடுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் நனைந்த பஞ்சு பூசணம் பிடித்துவிடும்.

சரி, இப்போது அந்த இரண்டு மணிக்கு வருவோம். போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள், என்னால் அதைத் தாண்டிப் போக முடியவில்லை. மகன் வீட்டில் ஒரு தாய் கறையை மறைக்க நடுராத்திரியில் எழுகிறார் என்றால், அதற்கு முன்னால் அந்த வீட்டில் எத்தனை முறை முகம் சுளித்திருக்கிறீர்கள்? ஒரு டம்ளரைக் கீழே வைத்ததற்கு, ஈரக் கையோடு உட்கார்ந்ததற்கு என்று எத்தனை முறை? கத்தியிருக்க மாட்டீர்கள். பெருமூச்சு விட்டுக்கொண்டு டிஷ்யூ எடுக்க எழுந்திருப்பீர்கள். வயதானவர்களுக்கு அது போதும். இருட்டில், வயதான முட்டியை மடக்கித் தரையில் உட்கார்ந்து தேய்த்திருக்கிறார். வழுக்கி விழுந்திருந்தால் எனக்கு வேறு கடிதம் வந்திருக்கும்.

உங்கள் கணவரோ கடிதத்தில் எங்குமே இல்லை. அவருடைய அம்மாதானே? இரண்டு பேருமாகப் போய், “கறை பட்டால் படட்டுமே, எங்களை எழுப்பியிருக்கலாமே அத்தை” என்று சொல்லுங்கள். பெரியவர்கள் பயந்து ஒடுங்கி வாழ இடம் கொடுப்பதைக் காப்பாற்றுவது என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கை வைக்காதே என்று சொல்ல நல்ல வார்த்தை கேட்கிறீர்கள்; அப்படி ஒரு வார்த்தை என்னிடம் இல்லை. அவர் புழங்க அந்தச் சோபா சரிப்படாவிட்டால், துவைக்கக்கூடிய உறை ஒன்றைப் போடுங்கள். அல்லது சோபாவை மாற்றுங்கள்.

துப்புரவு ஆள் வரும் அன்று, நடந்ததை ஒளிக்காமல் சொல்லுங்கள்: மஞ்சள், எண்ணெய், சோப்பு. அத்தையையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். எந்தச் சோப்பு, எவ்வளவு தண்ணீர் ஊற்றினார் என்பது அவருக்குத்தான் தெரியும்.